வலிப்பு மருந்தால் வந்த கடும் பக்கவிளைவு: யார் மீது, எந்தச் சட்டத்தின் கீழ் முறையிடலாம்?

உறையூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இருபத்தாறு வயது. பள்ளிப் பருவத்திலிருந்தே வலிப்பு நோய்க்காகச் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, கருவுறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு அந்த மருந்து உகந்ததல்ல என்று உறவினர் ஒருவர் சொன்னதால், ஒரு தனியார் மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பழைய மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, லாமோட்ரிஜின் 25 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனக் கூடுதலாக எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். தோலில் ஏதாவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, மருந்து கொடுத்த இடத்திலும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் காய்ச்சலும் கண் எரிச்சலும் வந்தன. மறுநாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன. படம் எடுத்து மருத்துவமனை கொடுத்திருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினோம். “அலர்ஜியாக இருக்கும், செட்ரிசின் போடுங்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்” என்று பதில் வந்தது. அதன் பிறகு உதடும் வாயும் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல், முதுகுத் தோல் கொப்புளம் கட்டி உரியத் தொடங்கியது. வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்றும், லாமோட்ரிஜின்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் இமையின் உட்புறம் விழியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணீர் சுரப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்க்க முடியாததால் கணினி முன் செய்து வந்த வேலையை விட்டுவிட்டாள்.

முதல் மருத்துவமனையில் கேட்டபோது, “எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்றார்கள். சட்டப்படி அந்தப் பதில் போதுமானதா? மருத்துவர், மருத்துவமனை, மருந்து நிறுவனம், மருந்துக் கடை ஆகியோரில் யார் மீது முறையிட வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

சகோதரரே, தங்கை விரைவில் நலம்பெற வேண்டும். மருத்துவமனை சொன்ன பதிலில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நாம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஒரு மருந்தின் பக்கவிளைவு ஒருவரைத் தாக்கிவிட்டது என்பதனால் மட்டும் இந்தியச் சட்டத்தில் எவரும் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. உரிய மருந்தை உரிய அளவில் கொடுத்து, உரிய எச்சரிக்கையையும் சொன்ன பிறகு நோயாளிக்குக் கேடு நேர்ந்தால், அது பெரும் துயரம்தானே தவிர அலட்சியம் ஆகாது.

ஆகவே நுகர்வோர் ஆணையத்தின் முன் நீங்கள் வைக்க வேண்டிய கேள்வி வேறு. மருந்து எழுதியபோது அதன் அளவு ஏற்கப்பட்ட முறைப்படி இருந்ததா, ஆபத்து நோயாளிக்குச் சொல்லப்பட்டதா, முதல் அறிகுறி தெரிவிக்கப்பட்டவுடன் செய்ய வேண்டியது செய்யப்பட்டதா என்பவைதான் வழக்கைத் தீர்மானிக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றிலுமே கேட்க வேண்டியவை இருக்கின்றன. அளவைப் பற்றி நரம்பியல் அறிந்த ஒருவர் சொல்வதே பொருத்தம்.

இவ்வகை நோயைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை சென்ற பெரிய வழக்கு ஒன்று உண்டு. 1998-இல் கொல்கத்தாவில் சிகிச்சை தொடங்கி, தோல் உரியும் இதே வகையின் கடுமையான வடிவமான டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் நோயில் அனுராதா சாஹா என்ற பெண்மணி இறந்தார். அவ்வழக்கில் நோய் ஏன் வந்தது என்பதைவிட, ஸ்டீராய்டு மருந்து அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டதும், உடனிருந்து காக்க வேண்டிய பராமரிப்பு கிடைக்காததுமே பெரிதாகப் பேசப்பட்டன. 2013-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 6.08 கோடி ரூபாயும் வட்டியும் இழப்பீடாக வழங்கியது. அந்தத் தொகையைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. அது வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின, கணவரே மருத்துவராக இருந்து ஒவ்வொரு ஏட்டையும் தேடி எடுத்து வாதாடினார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கோவை நரம்பியல் எழுதியது:

நான் நரம்பியல் மருத்துவர். நோயாளியை நேரில் பார்க்காமல் எவர் மீதும் குற்றம் சொல்ல மாட்டேன். மருந்தைப் பற்றிய பொதுவான உண்மைகளை மட்டும் எழுதுகிறேன்.

லாமோட்ரிஜின் நல்ல மருந்து. குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைவிட அது பாதுகாப்பானது என்பதனால், அதற்கு மாற்ற நினைத்த நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் இவ்விரு மருந்துகளும் உடலில் ஒன்றாக இருக்கும்போது, லாமோட்ரிஜினைக் கல்லீரல் கழிக்கும் வேகத்தை வால்ப்ரோயேட் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அது இரத்தத்தில் தங்கும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனால்தான் வால்ப்ரோயேட் சாப்பிடும் வயது வந்தவருக்கு முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரங்கள் நாள்தோறும் 25 மில்லிகிராம் என்று நிறுவனத்தின் தகவல் ஏட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கைக்கு முதல் நாளிலிருந்தே நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்றால், அது தொடக்க அளவைப் போல நான்கு மடங்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துக்கு விதித்திருக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் (தகவல் ஏட்டின் தொடக்கத்தில் கட்டம் கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை அது), கடும் தோல் பாதிப்புக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடியவையாக மூன்றைக் குறிப்பிடுகிறார்கள்: வால்ப்ரோயேட்டுடன் சேர்த்துக் கொடுப்பது, தொடக்க அளவை மீறுவது, அளவை வேகமாக உயர்த்துவது. பெரும்பாலான பாதிப்புகள் இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் தோன்றுகின்றன என்பதும், தடிப்பு தெரிந்தவுடன், அது மருந்தால் வந்ததல்ல என்பது தெளிவாகத் தெரிந்தால் ஒழிய, மருந்தை நிறுத்த வேண்டும் என்பதும் அதே எச்சரிக்கையில் இருக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அளவு சரியாக இருந்தும் சிலருக்கு இந்நோய் வருகிறது. எதிர்த்தரப்பு மருத்துவர் அதைத்தான் முதலில் சொல்வார். அளவு மீறியதால்தான் வந்தது என்று நூற்றுக்கு நூறு நிறுவ முடியாது. ஆனால் காய்ச்சலும் கண் எரிச்சலும் சேர்ந்த தடிப்பைப் படத்தில் பார்த்த பிறகும் மருந்தைத் தொடரச் சொன்னதை நியாயப்படுத்துவது அவருக்குக் கடினம். நான் லாமோட்ரிஜின் எழுதும் ஒவ்வொரு சீட்டின் அடியிலும், “தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் இந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு அன்றே வரவும்” என்று தமிழில் என் கையாலேயே எழுதிவிடுகிறேன். அதற்கு அரை நிமிடம் போதும்.

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு எவரும் வலிப்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தடிப்பு கண்டால் அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள். உறையூரான் ஐயா, உங்கள் தங்கை லாமோட்ரிஜினை மட்டுமல்லாமல், இதே ஆபத்துள்ள வேறு வலிப்பு மருந்துகளான பெனிடாயின், கார்பமாசெபின், பினோபார்பிட்டோன் ஆகியவற்றையும் மருத்துவர் ஆலோசனையின்றி ஒருபோதும் தொடக்கூடாது. அவற்றின் பெயர்களை எழுதிய அட்டை ஒன்று அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

உறையூரான் எழுதியது:

டாக்டர் ஐயாவுக்கு மிக்க நன்றி. நான்கு மடங்கு என்பதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. புறநோயாளிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே பழைய மருந்தின் பெயரும் அளவும் எழுதி, பக்கத்தில் ‘தொடரவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் குறித்திருக்கிறார். அதற்கு நேர் கீழே, அதே கையெழுத்தில், லாமோட்ரிஜின் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இருக்கிறது. ஆகவே வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள் என்பது தனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் உரையாடல் தங்கையின் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. பதில் அனுப்பியவர் மருத்துவரா உதவியாளரா என்பது மட்டும் தெரியவில்லை.

மருந்தாளுநர் எழுதியது:

மருந்துக் கடையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். வலிப்பு மாத்திரைகள் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. கடைக்காரர் எழுதியிருந்த மருந்தை எழுதியிருந்தபடியே கொடுத்திருந்தால், சட்டப்படி அவர் மீது பெரிதாகச் சொல்ல இடமிராது. ஆனாலும் ஒரே சீட்டில் இந்த இரண்டு மருந்துகளையும் பார்க்கும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர், மருத்துவரை அழைத்து அளவை உறுதிசெய்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் கடைகள் பலவற்றில் அப்படி அழைக்கும் பழக்கமே வேரூன்றவில்லை.

எச்சரிக்கை ஏட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து அட்டைகள் கொண்ட பெட்டிக்குள் ஓர் ஏடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். நாங்கள் பெட்டியைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்து, பல சமயம் அதிலும் கத்தரிக்கோலால் நறுக்கி, பதினைந்து மாத்திரை கேட்டவருக்குப் பதினைந்தை மட்டும் கொடுக்கிறோம். ஏடு பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அப்படி நறுக்கும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே உங்களிடம் மீதமுள்ள மாத்திரைகளையும் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். கடை ரசீதில் தொகுதி எண் இருக்கும், அதையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. இப்படிப்பட்ட பாதிப்பை நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மையங்கள் உள்ளன. அந்த அறிக்கையால் உங்களுக்கு இழப்பீடு கிடைக்காது. யார் மீதும் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவும் அது ஆகாது. ஆனால் நாட்டின் கணக்கில் உங்கள் தங்கையின் பாதிப்பு பதிவாகும்.

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

இப்போது யார் மீது என்ற கேள்விக்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. தகுந்த அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராத உற்பத்தியாளர் மீது இழப்பீடு கோர 84-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு மருந்து நிறுவனத்தின் மீது பாய நினைப்பவர்கள் 87-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். வல்லுநரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டிய பொருளாக இருந்து, உற்பத்தியாளர் அந்த வல்லுநருக்கு எச்சரிக்கையைத் தெரிவிக்க நியாயமான வழிகளைக் கையாண்டிருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்ற குற்றச்சாட்டு நிறுவனத்தின் மீது நிற்காது. சீட்டு மருந்துகள் இந்த விலக்கிற்குள்தான் வருகின்றன. மருந்தாளுநர் சொன்ன கிழிந்த பெட்டியும் தொலைந்த ஏடும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. ஆனால் மருத்துவருக்கு ஏடு சென்று சேர்ந்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால், சட்டத்தின் பார்வையில் அதன் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உங்கள் வழக்கில் எச்சரிக்கை இருந்திருக்கிறது, அது மருத்துவரின் மேசையைத் தாண்டி வரவில்லை. ஆகையால் மருத்துவமனையையும் மருத்துவரையும் சேவைக் குறைபாட்டின் பேரில் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே முறை.

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சட்டத்தின் சொற்களில் மருத்துவம் இல்லை, ஆகவே அது விலக்கப்பட்டுவிட்டது என்று மருத்துவர் தரப்பில் எழுப்பப்பட்ட வாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2022-இல் உச்ச நீதிமன்றத்திலும் தள்ளுபடியானது. நீங்கள் வசிக்கும் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். எதிர்மனுதாரருக்குச் செலுத்திய தொகையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. அந்தத் தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணமே கிடையாது.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்த உங்கள் வழக்கில் நாள் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை சொல்லப்படாததைப் பொறுத்தவரை, 2008-இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையைப் பற்றிப் போதுமான தகவலைத் தந்தே நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மிக அரிதான ஆபத்துகளையெல்லாம் பட்டியலிட வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டம் கட்டி முதல் பக்கத்தில் அச்சிட்ட ஆபத்தை அரிது என்று ஒதுக்க முடியாது என்பதே நம் பதிலாக இருக்க வேண்டும்.

நெல்லைச்சீமை எழுதியது:

இவ்வளவு தெளிவான சான்று இருக்கும்போது ஏன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கக் கூடாது? ஆணையத்தில் பணம்தான் கிடைக்கும். ஒரு பெண்ணின் பார்வையைப் பறித்தவர் நாளையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவருக்கு மருந்து எழுதுவார் அல்லவா?

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மீது குற்ற வழக்கு நிலைக்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும் என்றும், தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே காவல்துறை நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அந்த வாசலைத் தாண்டுவது கடினம். குற்ற வழக்கு தோற்றால் அந்தத் தீர்ப்பையே ஆணையத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். மீண்டும் அப்படி எழுதக் கூடாது என்பதே நோக்கமானால், தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் தொழில்முறைப் புகார் கொடுப்பதுதான் அதற்கான வழி. அதை நுகர்வோர் வழக்குடன் சேர்த்தே செய்யலாம்.

பாரிஸ் தமிழன் எழுதியது:

நான் பிரான்சில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். உங்கள் தங்கை விட்டுவிலக விரும்பிய வால்ப்ரோயேட் மருந்தைப் பற்றி இங்கே நடந்ததைச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன். கருவுற்ற தாய் அதைச் சாப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை ஏற்படுகிறது. பத்தில் மூன்று முதல் நான்கு குழந்தைகளுக்கு மன வளர்ச்சியில் பாதிப்பு வரக்கூடும். தன் பிள்ளைகள் இவ்வாறு பாதிக்கப்பட்ட மரீன் மார்த்தேன் என்ற தாய் 2011-இல் சங்கம் ஒன்றைத் தொடங்கிப் போராடினார். அதன் விளைவாக, நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடாமலே வல்லுநர் குழுவின் முன் விண்ணப்பித்து இழப்பீடு பெறும் ஏற்பாட்டை அரசு செய்தது. 2020-இல் ஒரு நிர்வாக நீதிமன்றம் அரசின் பொறுப்பையும் சுட்டிக்காட்டியது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், அந்த மருந்தைத் தயாரித்த சனோஃபி நிறுவனம் விழிப்புடன் இருக்கும் கடமையிலும் தகவல் தரும் கடமையிலும் தவறியது என்று கூட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

இந்தியாவில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா?

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

இல்லை. மருந்துப் பரிசோதனையில் பங்கேற்றவருக்குக் கேடு நேர்ந்தால் இழப்பீடு தர 2019-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. சந்தையில் விற்கும் மருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அப்படி நிதி எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அலட்சியத்தை நிறுவித்தான் பெற வேண்டியிருக்கிறது. எவர் மீதும் தவறில்லாமல் பாதிக்கப்பட்டவருக்கு நம் சட்டத்தில் ஒரு கதவும் திறப்பதில்லை என்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

தஞ்சை அம்மா எழுதியது:

என் கணவருக்கு அரசு மருத்துவமனையில் கார்பமாசெபின் கொடுத்து இதே நோய் வந்தது. மரபணுச் சோதனை செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்கிறார்கள். பணம் எதுவும் கட்டாததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது உண்மையா?

கோவை நரம்பியல் எழுதியது:

அம்மா, எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபினால் இந்நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பது 2004-இல் தைவானில் கண்டறியப்பட்டது. இந்த மருந்தைத் தொடங்குமுன் தைவானிலும் சிங்கப்பூரிலும் அரசின் நிதியுதவியோடு சோதனை செய்கிறார்கள். இந்தியாவில் அது கட்டாயமில்லை. ஆகவே சோதனை செய்யாததை மட்டும் அலட்சியம் என்று சொல்ல இங்குள்ள மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லாமோட்ரிஜினுக்கு இச்சோதனை அதே அளவு பயன்படுவதில்லை என்பதையும் உறையூரான் ஐயா குறித்துக்கொள்ளட்டும்.

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சாந்தா தீர்ப்பே சொல்கிறது, அம்மா. ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம். அரசு மருத்துவரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று 2000-இல் சாந்த்ரா வழக்கில் தீர்ப்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தஞ்சை நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள்.

உறையூரான் எழுதியது:

இரு மருத்துவமனைகளிலும் கேஸ் ஷீட் கேட்டேன். இரண்டாவது இடத்தில் கொடுத்துவிட்டார்கள். முதல் இடத்தில், புறநோயாளிக்கு ஏடு எதுவும் வைப்பதில்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். நோயாளியின் கையெழுத்தோடு, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. தராவிட்டால் அந்த மறுப்பே ஆணையத்தில் உங்களுக்குச் சான்றாகும். கையில் இருக்கும் புறநோயாளிச் சீட்டின் மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். தங்கையின் கைப்பேசியை மாற்றவோ வாட்ஸ்அப்பை அழித்து மீண்டும் நிறுவவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை மனுவோடு இணைத்துவிடலாம். கண் மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் தற்போதைய நிலையைப் பற்றித் தனித்தனி அறிக்கை வாங்குங்கள். பார்வைக் குறைபாட்டின் விழுக்காடும், விட்ட வேலையின் சம்பளச் சான்றும் இல்லாமல் இழப்பீட்டுத் தொகையை எந்த ஆணையமும் கணக்கிட முடியாது.